ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைங்களை ஸ்கூல்லயும் ஸ்கூல் விட்டப்புறமும் பார்த்துக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

டிகிரி முடிச்சிட்டு வீட்டுல இருக்கிறவங்க, பி.எட். படிக்கிற பொண்ணுங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க, "ஷேடோ டீச்சர் வேலை ஒண்ணு வந்திருக்கு, காலைல கிளாஸ்ல கூட உக்காரணுமாம், சாயங்காலம் டேகேர்லயும் அதே பிள்ளையைப் பார்த்துக்கணுமாம், என்னால முடியுமா"ன்னு. ஷேடோ டீச்சர்னா ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளை கூடவே கிளாஸ்ல இருந்து உதவுறவங்க. நான் இதே வேலையில இருக்கேன், ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் உள்ள பிள்ளைங்க கூட. அதனால தெரிஞ்சதை மொத்தமா எழுதிடுறேன்.

யாரைக் கேட்டாலும் "பொறுமை வேணும்"னுதான் சொல்வாங்க. வேணும்தான், ஆனா பொறுமையை மட்டும் வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வேலைக்கு முதல்ல வேண்டியது கவனிக்கிற கண்ணு. ஒரு பையன் கிளாஸ்ல கத்துறதுக்கு முன்னாடி சட்டையோட கடைசி பட்டனைப் புடிச்சு திருகிக்கிட்டே இருப்பான், அப்புறம் காது செவக்கும், அப்புறம்தான் கத்தல். பட்டனைத் திருகுற நேரத்துலயே "வா தண்ணி புடிச்சிட்டு வரலாம்"னு வராண்டா பக்கம் கூட்டிட்டுப் போயிட்டா அதோட முடிஞ்சிடும், காது செவந்தப்புறம் என்ன பொறுமையா பேசினாலும் ஒண்ணும் எடுபடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த அறிகுறி வேற வேற. அதனால முதல் வாரம் எதையும் கத்துக்குடுக்க அவசரப்படாம ஒரு சின்ன நோட்டு வச்சிக்கிட்டு எழுதுங்க. எதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பிள்ளை என்ன பண்ணுச்சு, அதுக்கப்புறம் நாம என்ன பண்ணோம், இந்த மூணு போதும். கொஞ்ச நாள்ல நோட்டைத் திருப்பிப் பார்த்தா, மழைக்காக திடீர்னு லீவு விட்ட மறுநாள்தான் ரகளை ஆகுது, மேல் வீட்டு மிக்ஸி ஓடும்போதுதான் காதைப் பொத்திக்கிட்டு ஓடுதுன்னு உங்களுக்கே புரியும்.

அடுத்தது கையைக் கட்டிக்கிட்டு நிக்கத் தெரியணும், இதுதான் நிறைய பேருக்கு வராது. "புக்கை எடு"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாம என்ன பண்றோம், "புக் எடுடா, தமிழ் புக்குடா, எங்க வச்ச, பேக்ல பாரு"ன்னு நாலு விதமா சொல்றோம், பிள்ளை முதல் வாக்கியத்தையே இன்னும் மண்டைல ஏத்திக்கிட்டு இருக்கும், நீங்க புதுசா ஒண்ணு சொன்னதும் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அப்பவும் எடுக்கலன்னா பேக்கைக் கைகாட்டுங்க, அதுக்கும் நகரலன்னா கையைப் புடிச்சு உதவுங்க, அடுத்த நாள் அந்த உதவியில கொஞ்சம் குறைச்சிடுங்க. அம்மா அப்பா அவசரத்துல சாப்பாடு ஊட்டி, செருப்பு மாட்டி, ஹோம்வொர்க்கும் எழுதிக் குடுத்துடுவாங்க, அவங்களுக்கு வேலைக்குப் போகணும், வேற வழி இல்ல, ஆனா நீங்க அதைச் செய்யக் கூடாது. கிளாஸ்லயும் பக்கத்துல ஒட்டிக்கிட்டே உக்காராதீங்க, கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க. டீச்சர் உங்ககிட்ட "அவனை எழுதச் சொல்லுங்க"ன்னு சொன்னா, "மிஸ், நீங்களே அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க"ன்னு பணிவா சொல்லிடுங்க. இன்டர்வெல்ல மத்த பிள்ளைங்களோட விளையாட்டுல சேர்த்து விட்டுட்டு நகர்ந்துடணும், பெரியவங்க ஒருத்தர் கூடவே நின்னா எந்தப் பிள்ளையும் கிட்ட வராது.

சாயங்காலம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நிறைய டேகேர்ல தப்பு நடக்கிறது இங்கதான். காலைல இருந்து மூணரை நாலு மணி வரைக்கும் சத்தம், கூட்டம், பெல்லு, "கையைக் கட்டு, வாயைப் பொத்து"ன்னு எல்லாத்தையும் அடக்கிக்கிட்டு அந்தப் பிள்ளை வந்திருக்கு, வந்த உடனே செருப்பைக் கழட்ட விடாம "டைரியை எடு"ன்னா வெடிக்காம என்ன பண்ணும்? முதல் அரை மணி நேரம் பாத்ரூம், தண்ணி, வயித்துக்கு ஏதாவது, அப்புறம் பேச்சே இல்லாம ஒரு மூலை, இல்லன்னா ஊஞ்சல், அவ்வளவுதான். அதுக்கப்புறம் சுவத்துல நாலு படம் ஒட்டி வைங்க, சாப்பாடு, ஹோம்வொர்க், விளையாட்டு, வீடு. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் பிள்ளையே அந்தப் படத்தைத் திருப்பி வைக்கட்டும். "முதல்ல ரெண்டு கணக்கு, அப்புறம் ஊஞ்சல்"னு சொன்னா ரெண்டே கணக்குதான், நல்லா போடுறானேன்னு மூணாவது குடுத்தீங்கன்னா அப்புறம் உங்க வார்த்தையை நம்பவே மாட்டான்.

அடத்துக்கும் தாங்க முடியாம வெடிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியணும். அடம் புடிக்கிற பிள்ளை பெரும்பாலும் ஓரக்கண்ணால உங்களைப் பார்க்கும், கேட்டது கிடைச்சா நிப்பாட்டிடும். தாங்க முடியாம வெடிக்கிற பிள்ளைக்கு கேட்டதைக் குடுத்தாலும் நிக்காது. அந்த நேரத்துல டிவி, லைட்டெல்லாம் ஆஃப் பண்ணுங்க, மத்த பிள்ளைங்களை அடுத்த ரூமுக்கு அனுப்புங்க, வாயை மூடிக்கிட்டு பக்கத்துல இருங்க. அடங்கினப்புறம் தண்ணி குடுங்க, புத்திமதி வேண்டாம். பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் படத்தைத் தொட்டுக் காட்டுறது பெரிய உதவி, நம்ம சென்னையிலயே உருவான அவாஸ்னு ஒரு ஆப் இருக்கு, தொட்டா பேசும், தமிழ்லயும் இருக்கு. டேப் சார்ஜ் போட்டு எப்பவும் கைக்கு எட்டுற மாதிரி வைங்க. தொந்தரவு பண்றான்னு அதைப் புடுங்கி வச்சா அவன் வாயையே பொத்தின மாதிரி.

ஹோம்வொர்க்ல டிஸ்லெக்சியா (படிக்கவும் எழுதவும் திணறுற கற்றல் குறைபாடு) இருக்கிற பிள்ளைங்களுக்குத் தமிழ் எங்க இடிக்குதுன்னு பாருங்க. "கெ"ன்னு எழுதும்போது கொம்பை முதல்ல போடுறோம், க பின்னாடி வருது, ஆனா சொல்லும்போது க் முதல்ல, எ அப்புறம். "கொ"ல ரெண்டு பக்கமும் குறி. காது கேக்குற வரிசை ஒண்ணு, கண்ணு பார்க்கிற வரிசை இன்னொண்ணு. இதோட ல, ள, ழ வேற. இந்தப் பிள்ளையை "நூறு தடவை எழுது"ன்னு உக்கார வச்சா தப்பையே நூறு தடவை எழுதும். கொம்பு போட்ட அட்டை தனியா, எழுத்து அட்டை தனியா வெட்டி, கையால சேர்த்து வச்சு சத்தமா சொல்ல விடுங்க. சமூக அறிவியல் கேள்வி எல்லாம் நீங்க படிச்சுக் காட்டி வாயால பதில் வாங்குங்க, எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்குன்னு பார்த்து அசந்துடுவீங்க.

இப்போ சேஃப்டி, இதுல அலட்சியமே கூடாது. ஃபிட்ஸ் வந்தா கையில சாவி, இரும்பு குடுக்கிறதெல்லாம் வேண்டாம், அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. வாய்க்குள்ள ஸ்பூன், விரல் எதுவும் விடாதீங்க. கழுத்துல ஐடி கார்டு கயிறு, டை இருந்தா கழட்டுங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்குக் கீழ துணி, புடிச்சு அமுக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா, இல்ல ஒண்ணு முடிஞ்சு தெளியறதுக்குள்ள அடுத்தது வந்தா 108. நல்லா தெளிஞ்சு பேசுற வரைக்கும் தண்ணி கூட குடுக்கக் கூடாது. ஆட்டிசம் இருக்கிற நிறைய பிள்ளைங்களுக்குத் தண்ணின்னா உசுரு, ஆபத்து தெரியாது, அதனால சம்ப் மூடி, கிணத்து மூடி, கேட் தாழ்ப்பாள் மூணையும் தினமும் போன உடனே பாருங்க. செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராத நிலை) இருக்கிற பிள்ளைக்கு நிமிர்ந்து உக்கார வச்சுத்தான் ஊட்டணும், படுத்த வாக்குல ஊட்டினா புரையேறும்.

பாத்ரூம்ல உதவும்போது "இப்ப பேன்ட்டைக் கழட்டப் போறேன், சரியா"ன்னு சொல்லிட்டுத் தொடுங்க, பேசத் தெரியாத பிள்ளையா இருந்தாலும் சொல்லுங்க. அதைக் கேட்டுப் பழகின பிள்ளைக்குத்தான் கேக்காம தொடுறவங்களைப் பார்த்தா தப்புன்னு உறைக்கும். ஏதாவது சந்தேகம் வந்தா, காயம் பார்த்தீங்கன்னா, மூடி மறைக்காதீங்க. 2012 போக்சோ சட்டப்படி பாலியல் தொந்தரவு தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குற்றம். குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு போன் பண்ணலாம். அப்புறம் பிள்ளைங்க போட்டோவை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வைக்கிற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க.

பெத்தவங்ககிட்ட பேசுறதும் ஒரு திறமைதான். ஆபீஸ் விட்டு ரெண்டு பஸ் மாறி ஆறரை மணிக்கு கேட்டுல வந்து நிக்கிற அம்மாகிட்ட, பிள்ளையையும் பக்கத்துல வச்சிக்கிட்டு "இன்னைக்கு ரெண்டு பேரைக் கடிச்சிட்டான்மா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நல்லது ஒண்ணு சொல்லுங்க, மத்ததை ராத்திரி போன்ல சொல்லலாம், மறைக்கவும் வேண்டாம். பாட்டி வந்து "வளர வளர சரியாயிடும்ல கண்ணு"ன்னு கேப்பாங்க. ஆயிடும்னும் சொல்லாதீங்க, ஆகாதுன்னும் சொல்லாதீங்க, "இப்பல்லாம் அவனே செருப்பைப் போட்டுக்குறான் பாட்டி"ன்னு கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க. அதே மாதிரி எந்தப் பிள்ளைக்கும் நீங்களா ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, அடங்காத துறுதுறுப்பா இருக்கிற நிலை), ஆட்டிசம்னு பேர் வைக்காதீங்க, அது டாக்டர் வேலை.

படிப்பு பத்தி: ஸ்பெஷல் எஜுகேட்டரா வேலை பார்க்கணும்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள கோர்ஸ் முடிச்சுப் பதிவு பண்ணணும், டிப்ளமோ 2 வருஷம், முட்டுக்காட்டுல இருக்கிற மத்திய அரசு நிறுவனம் நிப்மெட்ல (NIEPMD) நிறைய கோர்ஸ் இருக்கு. ஹெல்ப்பரா சேர பல இடத்துல இதைக் கேக்க மாட்டாங்க, ஆனா ஒண்ணு ரெண்டு வருஷம் பார்த்துட்டுப் புடிச்சிருந்தா கண்டிப்பா படிங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் தெரிஞ்சு வச்சிக்கோங்க, 21 வகை குறைபாடு அதுல வருது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்னு ஸ்கூல் சொல்லும்போது பெத்தவங்களுக்கு எடுத்துச் சொல்ல அது உதவும்.

சேர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல இதெல்லாம் கேளுங்க. ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைங்க, மாத்திரை குடுக்கணும்னா பெத்தவங்க எழுதிக் குடுத்த பேப்பர் இருக்கா, அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, நீங்க லீவு போட்டா யார் பார்த்துப்பாங்க. கடைசி கேள்விக்கு "நீங்க லீவே போடக் கூடாது"ன்னு பதில் வந்தா அங்க சேராதீங்க, உங்களை விட்டா வேற யார்கிட்டயும் போகாத மாதிரி ஒரு பிள்ளையைப் பழக்கி வச்சா நீங்க காய்ச்சல்ல படுக்கிற அன்னைக்கு அது தவிச்சிடும். மாசத்துல சில நாளாவது இன்னொருத்தர் கூடவும் இருக்கப் பழக்குங்க, அதை சேரும்போதே பேசி முடிச்சிடுங்க.