கணினி மேனேஜரைத் திட்டுவதற்கு முன்: பேஸ்பால் சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1998 மே 28 அன்று ஃபீனிக்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் அரிசோனா அணி 8-6 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டு பேர் அவுட்டாகியிருந்தனர்; மூன்று பேஸ்களிலும் சான் ஃபிரான்சிஸ்கோ அணியினர் நின்றிருந்தனர்; மட்டையுடன் வந்தவர் பேரி பாண்ட்ஸ். அரிசோனாவின் மேனேஜர் பக் ஷோவால்டர், பாண்ட்ஸுக்கு எட்டாதபடி நான்கு பந்துகளையும் தள்ளி வீசச் சொல்லி, அவரை முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். பேஸ்கள் நிரம்பியிருந்ததால் ஒரு ரன் இலவசமாகப் போயிற்று. அடுத்து வந்த பிரென்ட் மேய்ன் அடித்த பந்து வலப்புறம் பிடிபட, அரிசோனா 8-7 என்று வென்றது. இதே முடிவை ஒரு சிமுலேஷன் விளையாட்டின் கணினி மேனேஜர் எடுத்திருந்தால், மென்பொருளில் கோளாறு என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதியிருப்போம்.

கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் கேப்டன் செய்யும் வேலையை பேஸ்பாலில் டக்அவுட்டில் அமர்ந்திருக்கும் மேனேஜர் செய்கிறார். நிஜ ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு பழைய ஆண்டுகளை மறுபடி ஆட உதவும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், டயமண்ட் மைண்ட், அவுட் ஆஃப் தி பார்க் போன்ற சிமுலேஷன் விளையாட்டுகளின் கணினி வடிவங்களில், நாம் ஆடாத அணிகளுக்கு அந்த வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. அதன் முடிவுகளில் சில உண்மையிலேயே அபத்தமானவைதாம். ஆனால் என் அனுபவத்தில், புதிராகத் தோன்றும் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நாம் அதற்குக் கொடுத்த தகவலிலோ, நாம் ஆட்டத்தைப் பார்க்கும் கோணத்திலோதான் இருக்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்கள் முதலில் செய்யும் பிழை, மாற்று ஆட்டக்காரர் விதியை மறந்துவிடுவது. கிரிக்கெட்டில் ஓர் ஓவரோடு நிறுத்தப்பட்ட பந்துவீச்சாளர் பத்து ஓவர் கழித்துத் திரும்பி வரலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு நீக்கப்பட்டவர் அன்று மீண்டும் வர முடியாது. ஆகவே களைத்த பிட்சரை (பந்துவீச்சாளரை) கணினி ஏன் இன்னும் வைத்திருக்கிறது என்று கேட்பதற்கு முன், மிச்சம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதனோடு சேர்ந்ததே ‘டபுள் சுவிட்ச்’. மேஜர் லீகின் இரு பிரிவுகளில், அமெரிக்கன் லீகில் 1973 முதலும், நேஷனல் லீகில் 2022 முதல் நிரந்தரமாகவும், பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கிறார். அதற்கு முந்தைய ஆட்டங்களில் பிட்சரும் மட்டை பிடித்தாக வேண்டும். ஏழாவது இன்னிங்ஸில் புதிய பிட்சர் வரும்போது, அடுத்து மட்டை பிடிக்க வேண்டியது பிட்சருக்குரிய ஒன்பதாவது இடம் என்றால், சற்று முன்புதான் மட்டை பிடித்து முடித்த, களத்தின் இடப்புறம் நிற்கும் ஆட்டக்காரரையும் சேர்த்து நீக்கி, அவருடைய வரிசை இடத்தைப் புதிய பிட்சருக்கும், ஒன்பதாவது இடத்தைப் புதிய இடப்புற ஆட்டக்காரருக்கும் கொடுப்பார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரைக் காரணமின்றித் தூக்கிவிட்டதாக நமக்குத் தோன்றும். உண்மையில் புதிய பிட்சர் உடனே மட்டை பிடிக்க நேராமல், இரண்டு இன்னிங்ஸாவது பந்து வீச அது வழி செய்கிறது.

அதிகம் வசை வாங்குவது ‘க்ளோசர்’, அதாவது கடைசி இன்னிங்ஸைக் காக்கும் பந்துவீச்சாளர் தொடர்பான முடிவுகள். எதிரணி மைதானத்தில் ஆட்டம் சமநிலையில் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போகிறது. அணியின் தலைசிறந்த பிட்சர், மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் உட்கார்ந்திருக்கிறார். கணினியோ மூன்றாம் தரமான ஒருவரை அனுப்பித் தோற்கிறது. இது கணினியின் அறியாமை என்று எண்ணுவோர் 2016 அக்டோபர் 4 அன்று டொரான்டோவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு 47 வாய்ப்புகளில் 47 ‘சேவ்’ (குறுகிய முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடிப்பது) எடுத்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.54 ரன் மட்டுமே கொடுத்த சராசரியோடு இருந்த பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமலிருக்க, பதினோராவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸின் பந்தை எட்வின் என்கார்னாசியோன் ஹோம் ரன்னாக அடிக்க, பால்டிமோரின் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. பால்டிமோர் மேனேஜர் அதே ஷோவால்டர்தான். முன்னிலை கிடைத்த பிறகு பயன்படுத்தலாம் என்று க்ளோசரை ஒதுக்கி வைப்பது மனித மேனேஜர்களின் வழக்கம். நிரலாளர்கள் அந்த வழக்கத்தைத்தான் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கம் சரியா என்று கேட்டால், என் கருத்தில் தவறுதான். ஆனால் அது தவறான உத்தியே தவிர, மென்பொருள் கோளாறு அல்ல. ஒருவரை ‘க்ளோசர்’ என்ற பெட்டியில் போட்டுவிட்டு, அவர் எட்டாவது இன்னிங்ஸில் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. அந்தப் பெயரை நீக்கி, பொதுவான ரிலீவராக (ஆட்டத்தின் நடுவே வரும் மாற்றுப் பிட்சராக) குறித்துப் பார்த்தால் பல விளையாட்டுகளில் நிலைமை மாறிவிடும்.

இந்த இடத்தில்தான் காலத்தைக் குழப்பும் தவறும் நுழைகிறது. ‘சேவ்’ என்பதே 1969-இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது. ஒரே இன்னிங்ஸ் மட்டும் வீசும் க்ளோசர் என்பது, ஓக்லாந்தில் டோனி லா ரூஸா டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பயன்படுத்திய 1980-களின் இறுதிக்குப் பிறகே பரவலாயிற்று. 1975-இல் ரிச் காஸேஜ் ரிலீவராகவே 141 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். 2016-இல் பிரிட்டன் வீசியது 67. ஆக, 1975-ஆம் ஆண்டை மறுபடி ஆடும்போது ரிலீவர் ஏழாவது இன்னிங்ஸிலேயே வந்துவிட்டார் என்று வியப்பதும், 1968-இல் பாப் கிப்ஸன் எட்டாவது இன்னிங்ஸில் நூற்றிருபது பந்துகளைத் தாண்டியும் தொடர்கிறாரே என்று பதறுவதும் வேண்டாதவை. அந்த ஆண்டு கிப்ஸன் தொடங்கிய 34 ஆட்டங்களில் 28-ஐத் தாமே முடித்தார். இதற்கு எதிரான பிழையும் உண்டு. 1980-இல் பில்லி மார்ட்டினின் ஓக்லாந்து பிட்சர்கள் 94 ஆட்டங்களை முழுமையாக வீசி முடித்தனர். அந்த அணியை இன்றைய காலத்துக்கான அமைப்புகளோடு ஓடவிட்டால், தொடக்க பிட்சர்கள் ஆறாவது இன்னிங்ஸில் வெளியேறுவார்கள், அணி அடையாளம் தெரியாமல் போகும். ஆட்டம் எந்த ஆண்டுக்குரியதோ, அந்த ஆண்டுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்பதே நாம் முதலில் சரிபார்க்க வேண்டியது.

‘பன்ட்’ விஷயமும் அப்படித்தான். மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி, முன்னால் நிற்பவரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவது அது. இக்காலக் கணக்கின்படி, ஒருவரும் அவுட்டாகாமல் முதல் பேஸில் ஆள் இருக்கும்போது அந்த இன்னிங்ஸில் எதிர்பார்க்கத்தக்க ரன் ஏறத்தாழ 0.9, ஒருவர் அவுட்டாகி இரண்டாவது பேஸில் ஆள் இருந்தால் ஏறத்தாழ 0.7. அதாவது பன்ட் வெற்றி பெற்றாலும் நட்டம். ஆனால் இது சராசரி மட்டையாளருக்கும் சராசரி ஆண்டுக்குமான கணக்கு. அணிக்கு ஆட்டமொன்றுக்கு 3.42 ரன் வந்த 1968-க்கும், 5.14 ரன் வந்த 2000-க்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. மட்டை பிடிப்பவர் பிட்சராகவே இருந்தால் கணக்கே வேறு. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் போதும் என்ற நிலையிலும் இந்தச் சராசரியைக் காட்டிக் கணினியைக் கண்டிப்பது முறையாகாது.

நானே மாட்டிக்கொண்ட தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டு மில்வாக்கி அணியை, பெயர் வேண்டாம், ஒரு விளையாட்டில் முழு ஆண்டும் தானாக ஓடவிட்டேன். அந்த ஆண்டு பாப் ஹேஸில் ஜூலை இறுதியில் அணிக்கு வந்து, 134 முறை மட்டை பிடித்து, 0.403 சராசரி (மட்டை பிடித்த முறைகளில் ஹிட் அடித்த விகிதம்) எடுத்தவர். ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற ஹென்றி ஆரனின் சராசரியே 0.322. கணினிக்குத் தெரிந்தது அந்த எண்தான். ஆகவே ஏப்ரல் மாதம் முதலே ஹேஸிலை அன்றாடம் ஆடவிட்டு, நிஜத்தில் நிரந்தர இடம் பெற்றிருந்தவரைப் பெஞ்சில் உட்கார வைத்தது. நான் இரண்டு நாள் கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான், ஒருவர் நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் ஆடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நான் இயக்கவே இல்லை என்று தெரிந்தது. நிஜத்தில் ஹேஸில் 1958-க்குப் பிறகு மேஜர் லீகில் ஆடவே இல்லை என்பது கணினிக்கு எங்கே தெரியும்? குறைந்த வாய்ப்புகளில் பெரிய எண்கள் எடுத்தவர்கள் ஒவ்வொரு அணியிலும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து வரம்பு விதிக்காமல் ஆண்டைத் தொடங்குவது, சிமுலேஷன் ஆடுவோர் செய்யும் மிகப் பெரிய பிழை என்பேன்.

களைப்பைக் கவனிக்காததும் இதற்கு நெருங்கிய உறவு. அன்றைய ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தால், நல்ல ரிலீவர்கள் இருவர் இருக்க மோசமானவர் வந்தது போலத் தெரியும். முந்தைய மூன்று நாள்களின் அட்டைகளைப் புரட்டினால், அந்த இருவரும் தொடர்ந்து வீசி ஓய்ந்திருப்பது தெரியும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் அடிக்கடி நடந்த பழைய அட்டவணைகளில், ஐந்தாம் நிலைப் பிட்சர் திடீரென்று தொடக்க ஆளாக வருவதற்கும் இதுவே காரணம். இரு அணிகளுக்கும் இடையே எட்டு ரன் வித்தியாசம் இருக்கும்போது கடைசி ஆள் வீசுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

விளைவை வைத்து முடிவை எடைபோடுவது மனித மேனேஜர்களுக்கும் நாம் இழைக்கும் அநீதி. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், 73 பந்துகளில் இரண்டு ஹிட் மட்டுமே கொடுத்து ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்த பிளேக் ஸ்னெல்லை ஆறாவது இன்னிங்ஸில் நீக்கிய மேனேஜர் கெவின் கேஷை, டாம்பா ரசிகர்கள் இன்னும் மன்னித்திருக்க மாட்டார்கள். அதற்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது: ஒரே மட்டையாளர்கள் மூன்றாம் முறை சந்திக்கும்போது பிட்சரின் திறன் குறைகிறது. சிமுலேஷனில் நமக்கு ஒரு வசதி உண்டு. கேஷுக்கு அது இல்லை. முடிவெடுப்பதற்கு முந்தைய நிலையைச் சேமித்து, அதே இடத்திலிருந்து ஐம்பது முறை ஆடிப் பார்க்கலாம்: ஐம்பதில் பாதி கணினியின் வழியிலும், பாதி நம் வழியிலும். ஐம்பது முறை என்பது பெரிய வித்தியாசத்தைக் காட்டுமே தவிர, நுண்ணிய வித்தியாசத்தைக் காட்டாது. அதற்குச் சில நூறு முறையாவது வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் மிஞ்சுவதுதான் உண்மையான கோளாறு. ஏழாவது இன்னிங்ஸுக்குள் பெஞ்சைக் காலிசெய்து, ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) காயம் பட்டதும், விக்கெட் கீப்பரைப் போன்ற கேட்சரை அந்த இடத்தில் நிறுத்துவது. பிட்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களைச் சந்திக்க வேண்டும் என்ற, 2020-இல் வந்த விதியைப் பழைய ஆண்டு ஆட்டத்திலும் பின்பற்றுவது. நாம் ‘ஓய்வு’ என்று குறித்தவரையே களமிறக்குவது போன்றவை. இவற்றைத் தயாரிப்பாளருக்கு எழுதும்போது “கணினி மேனேஜர் முட்டாள்” என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆட்டத் தேதி, இன்னிங்ஸ், ரன் நிலை, பேஸ்களில் யார் யார், இரு அணிகளின் பெஞ்சிலும் புல்பென்னிலும் மிச்சமிருந்தவர்கள், மேனேஜர் அமைப்புகள் ஆகியவற்றோடு, சேமித்த கோப்பையும் இணைத்து அனுப்ப வேண்டும். நான் அப்படி மூன்று முறை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சு விவரத்தை நிரப்பும்போதே இரண்டு முறை காரணம் புரிந்துவிட்டதால், அனுப்பியது ஒரே ஒரு கடிதம்தான்.