நல்லிணக்கக் கூட்டங்கள் எங்கே பிசகுகின்றன?

இனப் பகையால் பிளவுபட்ட இரண்டு சமூகங்களை ஓரிடத்தில் உட்கார வைக்க முன்வருபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஏற்பாட்டில்தான் காரியம் கெடுகிறது.

முதல் தவறு அழைப்பிதழ் அச்சாகும்போதே நடந்துவிடுகிறது. நாள், இடம், தலைப்பு, பேச்சாளர் எல்லாவற்றையும் ஒரு தரப்பே முடிவு செய்துவிட்டு, மறு தரப்பை வந்து கலந்துகொள்ளச் சொல்கிறது. சும்மா பக்கத்தில் உட்கார வைத்தால் காழ்ப்பு கரையாது என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். முதலாவதையே பலர் கோட்டைவிடுகிறார்கள்.

அதைவிட மோசமானது, பாதிக்கப்பட்டவரை மேடையேற்றி அழ வைப்பது. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைந்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் விசாரணையைத் தொடங்கியது. சாட்சி தன் தாய்மொழியிலேயே பேசலாம். மொழிபெயர்க்க ஆட்கள் இருந்தார்கள். துணைக்கு ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாதாரணக் கூட்டங்களிலோ, மகனைப் பறிகொடுத்த தாயின் கையில் மைக்கைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர் முடித்ததும் "மன்னித்துவிட்டீர்களா அம்மா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்பவருக்கு அது கைதட்டலுக்கான இடம். மன்னிப்பதா வேண்டாமா, எப்போது என்பதெல்லாம் அந்தத் தாயின் விருப்பம். நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்க யாருக்கும் உரிமையில்லை.

கவனமாகக் கேட்ட அந்த ஆணையத்தின் கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் பொதுமன்னிப்புப் பெற்றவர்களுக்கு அது உடனே நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 17,000 முதல் 23,000 ராண்ட் வரை ஆறு ஆண்டுகள் தரலாம் என்று 1998இல் ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003இல் அறிவித்ததோ ஒரே தவணையாக 30,000 ராண்ட். உண்மையை வாங்கிக்கொண்டு நீதியைத் தள்ளிப்போட்டால், அடுத்த முறை அழைக்கும்போது யார் வருவார்கள்?

"இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது" என்று எடுத்த எடுப்பிலேயே சமன் செய்கிறவர்கள் தனி ரகம். என்ன நடந்தது என்று பேசுவதற்கு முன்பே தராசைத் தூக்கிவிடுகிறார்கள்.

ஊர்வலம், உறுதிமொழி, குழுப் படம் ஆகியவற்றோடு வீட்டுக்குப் போவது இன்னொரு தவறு. 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பழங்குடி மக்களோடு நல்லிணக்கத்துக்காக நடந்தார்கள். அரசால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளிடம் ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2008 பிப்ரவரி ஆனது. நடந்தது வீண் என்று சொல்லமாட்டேன். நடந்ததோடு நின்றிருந்தால் வீண்தான்.

ஆகவே, ஒவ்வொரு கூட்டத்தின் முதல் வேலையும் போன முறை யார் எதை ஏற்றுக்கொண்டார்கள், எது முடிந்தது என்று உரக்க வாசிப்பதாக இருக்கட்டும். பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 கோரிக்கைகளை எண்ணிட்டு வெளியிட்டது. எது நிறைவேறியது, எது கிடப்பில் கிடக்கிறது என்று அங்கே இன்றும் எவராலும் அரசைக் கணக்குக் கேட்க முடிகிறது.