நியூட்டன் எந்த ஆண்டில் பிறந்தார்? பிரிட்டனைப் பற்றி எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற வரி அறிவியல் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும். இரண்டு தேதிகளிலும் 1642 என்றிருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கலிலியோ மறைந்த ஜனவரி 8, இத்தாலியில் வழங்கிய, இன்று நாமும் பயன்படுத்தும் கிரெகோரியன் நாள்காட்டியின் தேதி. நியூட்டன் பிறந்த டிசம்பர் 25, இங்கிலாந்து விடாப்பிடியாக வைத்திருந்த பழைய ஜூலியன் நாள்காட்டியின் தேதி. நடுவில் பத்து நாள் இடைவெளி. கலிலியோவின் ஊர்க் கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

உலகப் புத்தக நாளன்று ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸையும் ஷேக்ஸ்பியரையும் ஒரே நாளில் சாகடிப்பதும் இதே குழப்பம்தான். 1616 ஏப்ரல் 23 ஸ்பெயினில் வந்து பத்து நாள் கழித்துத்தான் இங்கிலாந்தில் வந்தது. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் முந்தைய நாளே இறந்துவிட்டார். 23 அடக்கம் நடந்த நாள்.

ஸ்பெயினும் இத்தாலியும் 1582இலேயே புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டன. போப்பாண்டவர் கொண்டுவந்ததை நாம் ஏற்பதா என்ற வீம்பில் பிரிட்டன் 170 ஆண்டுகளை ஓட்டியது. கடைசியில் 1752 செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு படுத்தவர்கள் 14, வியாழக்கிழமை எழுந்தார்கள். 1700ஐ ஜூலியன் கணக்கு மட்டும் லீப் ஆண்டாக எடுத்ததால், பத்து நாள் இடைவெளி அதற்குள் பதினொன்றாகியிருந்தது. 'எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு' என்று மக்கள் கலவரம் செய்ததாகச் சொல்வார்கள். அதை நம்பி எழுத வேண்டாம். ஓவியர் ஹோகார்த் ஒரு தேர்தல் விருந்தை நையாண்டி செய்து வரைந்த படத்தில் அந்த வாசகம் எழுதிய பதாகை ஒன்று கிடக்கிறது. கலவரத்துக்கு உருப்படியான சான்று இல்லை.

அதைவிடச் சிக்கலானது ஆண்டுப் பிறப்பு. 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. ஆகவே முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, எடின்பரோவில் 1649. லண்டன் ஆவணங்களில் 1648. மெட்ராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த கம்பெனிக் குமாஸ்தாக்களும் லண்டன் கணக்கையே பின்பற்றினார்கள். அந்த ஏடுகளில் பிப்ரவரித் தேதியோடு 1678/79 என்று இருந்தால் எழுத்துப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அது இரண்டு கணக்கையும் சேர்த்துக் காட்டுவது. வெறுமனே 1678 என்றிருந்தால்தான் உஷாராக இருக்க வேண்டும், நம் கணக்கில் அது 1679.

அடுத்தது பட்டம். 'சர் நியூட்டன்' என்று எழுதுவது தவறு. 'சர்' இயற்பெயரோடுதான் ஒட்டும். சர் ஐசக் நியூட்டன், சுருக்கினால் சர் ஐசக். பெண்களுக்கு வழங்கும் 'டேம்' பட்டமும் அப்படியே: நடிகை ஜூடி டெஞ்ச் என்றால் டேம் ஜூடி. 'சர்' பட்டம் பெற்றவரின் மனைவிக்கு மட்டும் 'லேடி' குடும்பப் பெயரோடு வரும். சி. பி. ராமசாமி ஐயரை நம்மவர்கள் 'சர் சி. பி.' என்றழைத்தது, யார் சொல்லிக் கொடுத்தார்களோ, மரபுக்குச் சரியாகவே அமைந்தது. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012இல் இந்தப் பட்டம் கிடைத்தது. பட்டத்தோடு எழுதினால் 'சர் வெங்கி'. ரத்தன் டாடாவுக்கு 2014இல் கிடைத்ததும் உயர்ந்த விருதுதான். ஆனால் பிரிட்டிஷ் அரசர் ஆளாத நாட்டின் குடிமகன் என்பதால் அது கௌரவ விருது. அவர் பெயருக்கு முன் 'சர்' போடக் கூடாது.

'இங்கிலாந்து ராணி விக்டோரியா' என்பது பேச்சில் போகட்டும். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாகிவிட்டதால் அந்தப் பட்டத்துக்கு உரிய கடைசி ராணி ஆன். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இது வெறும் இலக்கண நுட்பம் அல்ல. முதலாம் எலிசபெத் அவர்களை ஆண்டதே இல்லை. பிறகு இரண்டாம் எலிசபெத் எங்கிருந்து வந்தார் என்று கேட்டார்கள். 'இரண்டாம்' என்ற எண்ணைக் கொண்ட புதிய அரசியின் முத்திரையோடு எடின்பரோவில் வைத்த தபால் பெட்டியை 1953 பிப்ரவரியில் யாரோ வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் அங்கே வைத்த பெட்டிகளில் எண் இல்லை, ஸ்காட்லாந்து மகுடம் மட்டும்தான்.