வெளியூர்க் குதிரையும் பூச்சிக்கடி அரிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு தம்பி செல்போனை நீட்டி வீடியோ காட்டினார். வெள்ளைக் குதிரை ஒன்று தென்னைமரத்தில் பின்பக்கத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. வால் அடியில் மயிரே இல்லை.

"அண்ணா, இது கொள்ளுச் சூடுங்களா? கொள்ளை நிறுத்திட்டனுங்க, அப்பவும் நிக்கலைங்க."

"எப்ப வாங்குனீங்க தம்பி?"

"ராஜஸ்தான்ல இருந்து வந்து மூணு வருஷம் ஆச்சுங்க. முதல் வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு."

நான் செய்த தவறு, அச்சு மாறாமல் அதேதான். அதனால்தான் எழுதுகிறேன். கட்டுத்தறியைக் கூட்டுவது, லாடம் பார்ப்பது எல்லாம் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. அதற்குள் போகவில்லை.

முதல் வருஷம் வராததால் பூச்சியைச் சந்தேகிக்காமல் விடுவது

எங்கள் தோட்டம் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். சுற்றிலும் நெல். என் முதல் பெண்குதிரை மார்வாரி, அதாவது ராஜஸ்தான் பக்கத்து இனம்; காய்ந்த பூமியில் பிறந்து வளர்ந்தது. இங்கே வந்து முதல் மழைக்காலத்தை ஒரு குறையும் இல்லாமல் கடந்தது. ஊர் ஒத்துக்கொண்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழைக்கு அப்புறம் வேப்பமரத்தில் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் பட்டையில் கறுப்பு மயிர் ஒட்டியிருக்கும். பிடரி மயிரை விலக்கி விரலால் தடவினால் ராகியைத் தூவினதுபோல் பொடிப்பொடியாகப் பொறுக்கு தட்டுப்படும். பார்த்தவர்கள் எல்லாரும் சூடு என்றார்கள். கொள்ளை நிறுத்தினேன். வெறும் சோளத்தட்டும் தவிடும் போட்டேன். உடம்பு குளிரட்டும் என்று தினமும் பொழுது சாயும் நேரத்தில் வாய்க்கால் கரையில் நிறுத்திக் குளிப்பாட்டினேன்.

தை கடந்து வயல் காய்ந்தது, அரிப்பும் நின்றது. கொள்ளை நிறுத்தியதால்தான் சரியாயிற்று என்று நம்பினேன். என்னை மோசம் செய்தது இந்த நம்பிக்கைதான். நின்றது பூச்சி குறைந்ததால். நான் அதைத் தீவனக் கணக்கில் எழுதிவிட்டேன்.

அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வந்தது. தேய்த்துத் தேய்த்து வால் அடி புண்ணாகி, புண்ணில் புழு வைத்து, விலா எலும்பு தெரிய நின்றது அந்தக் குதிரை. வந்த மருத்துவர் முதலில் கேட்டது தீவனத்தை அல்ல. "இந்த ஊருக்கு வந்து எத்தனை மழைக்காலம் ஆச்சு?" என்றுதான் கேட்டார். சாயங்காலம் ஆறரைக்கு டார்ச்சை அடித்து அடிவயிற்றின் நடுக்கோட்டைக் காட்டினார். மிளகுத்தூளைத் தூவினதுபோல் பூச்சி மொய்த்திருந்தது. அந்த நேரத்தில்தான் தினமும் நான் அதை வாய்க்கால் கரையில் நிறுத்தியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

அந்தப் பூச்சிக்கு கியூலிகாய்ட்ஸ் என்று பெயர். கொசுவைவிடச் சின்னது, 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஈரச் சேற்றிலும் மக்கும் சாணத்திலும் பெருகும். பெண் பூச்சி மட்டுமே கடிக்கும். நம் ஆடுகளுக்கு மழைக்கு அப்புறம் வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த இனம்தான். ஆட்டுக்கு அது கிருமியைக் கொண்டு வருகிறது. குதிரையைப் படுத்துவது அதன் எச்சிலில் இருக்கும் புரதம். உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாக அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்க ஒன்றிரண்டு பருவம் ஆகலாம். அதனால்தான் முதல் வருஷம் ஒன்றும் தெரிவதில்லை. அப்புறம் ஒவ்வொரு கடிக்கும் அரிப்புதான்.

இதற்குப் பெரிய சாட்சி ஐஸ்லாந்துக் குதிரைகள். குதிரைக்கு இந்த ஒவ்வாமையை உண்டாக்கும் பூச்சி வகைகள் அந்த நாட்டில் கிடையாது. அங்கே பிறந்து ஐரோப்பாவின் பூச்சி மிகுந்த இடங்களுக்குப் போய், 2 வருஷமோ அதற்கு மேலோ காப்பு இல்லாமல் இருந்தவற்றில் ஏறக்குறைய பாதிக்கு இந்த அரிப்பு வந்துவிடுகிறது. அதே இனம் ஐரோப்பாவிலேயே பிறந்தால் 10 சதவீதத்துக்கும் குறைவுதான். குட்டியிலேயே கடிபட்டு வளர்ந்த உடம்பு பழகிக்கொள்கிறது, வளர்ந்தபின் வந்தது தடுமாறுகிறது. ஐஸ்லாந்தை விட்டு ஒரு தடவை வெளியேறிய குதிரை திரும்ப உள்ளே போகச் சட்டம் இடம் தராது என்பதால், பிறந்த ஊருக்கு அனுப்பிக் காப்பாற்றவும் வழியில்லை.

மாட்டு உண்ணி மருந்தை அடிப்பது

மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் என்ற மருந்து குதிரைக்கு ஆகவே ஆகாது. குடல் அசைவு நின்று வயிறு கட்டிக்கொள்ளும், உயிரே போகலாம்.

ஊசியை மட்டும் நம்புவது

ஸ்டீராய்டு போட்ட மறுநாள் அரிப்பு அடங்கும். அதைப் பார்த்துவிட்டு மழைக்காலம் முழுக்கப் போடச் சொல்லி மருத்துவரை நச்சரிப்பவர்கள் இருக்கிறார்கள். குளம்புக்குள் வீக்கம் கண்டு குதிரை நடக்க முடியாமல் போகும் ஆபத்து அதில் இருக்கிறது. கடி நிற்காமல் ஊசி மட்டும் போட்டால் அரிப்பு திரும்ப வரும்.

கடியை நிறுத்த வேண்டும். பொழுது சாயும் முன்பே உள்ளே கட்டி, நன்றாக வெயில் ஏறியபின் வெளியே விடுங்கள். வெயிலுக்குப் பயந்து விடியலிலும் அந்தியிலும் சவாரி போகிற பழக்கம் நமக்கு உண்டு. இந்த நோய் உள்ள குதிரைக்கு அந்த நேரம் ஆகாது. லத்திக் குப்பையையும் தண்ணீர்த் தொட்டி ஒழுகும் சேற்றையும் கட்டுத்தறியிலிருந்து தள்ளி வையுங்கள். உடம்பை மூடும் போர்வை கிடைத்தால் அடிவயிறும் மறைகிற மாதிரி வாங்குங்கள்.

கொசுவலை

சாதாரண வலைக்கண்ணில் இந்தப் பூச்சி புகுந்துவிடும். பொடிக்கண் வலை வேண்டும். அதைவிட, பெரிய மின்விசிறி வைத்தாலே பாதி வேலை முடியும். இதற்குப் பறக்கும் பலம் குறைவு, காற்றை எதிர்த்து வராது.

அடைத்த கொட்டகையில் மூட்டம் போடுவது

வேண்டாம். குதிரையின் நுரையீரல் புகையைத் தாங்காது.

எல்லா அரிப்பையும் பூச்சிக்கடி என்பது

எதிர்ப்பக்கத் தவறு இது. பேன், சொறி, குடல்புழு இவற்றாலும் குதிரை தேய்க்கும். பக்கத்துக் குதிரையும் சேர்ந்து தேய்த்தால் பேனையோ சொறியையோ பாருங்கள், ஏனென்றால் இந்த ஒவ்வாமை தொற்றாது. வாலை மட்டும் தேய்த்தால் குடல்புழு பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த கோடையில் நின்று, மழையோடு திரும்ப வந்தால் பூச்சிதான்.

இந்த ஒவ்வாமை உள்ள குதிரையில் குட்டி எடுப்பது

கூடாது. குட்டிக்கும் வர வாய்ப்பு அதிகம்.

கோடையில் பார்த்து வாங்குவது

பங்குனி, சித்திரையில் எல்லாக் குதிரையும் வழவழவென்றுதான் இருக்கும். பிடரி மயிரை வேர் வரைக்கும் விலக்கிப் பாருங்கள். தோல் தடித்து மடிப்பு விழுந்திருக்கிறதா, வால் அடி மயிர் ஒரே நீளத்தில் இல்லாமல் முறிந்து முறிந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். சந்தையில் வீடியோ காட்டிய தம்பியிடம் குதிரைக்கு மறுபடியும் கொள் வைக்கச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் வரும் முன்பே மின்விசிறி மாட்டச் சொன்னேன். மாட்டிவிட்டார்.