அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளரின் பணி வாழ்க்கையை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நாம் அறிந்த கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடுவது) பயிற்சியாளர் ஒருவரைப் பற்றித் தேடும்போது முதலில் கண்ணில் படுவது 215-117-1 போன்ற ஓர் எண் வரிசைதான். வென்றவை, தோற்றவை, சமனில் முடிந்தவை என்ற வரிசையில் அதைப் படிக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டு முதல் வழக்கமான ஆட்டங்களுக்கும் கூடுதல் நேரம் வந்துவிட்டதால் சமநிலை என்பதே இல்லாமற்போனது. ஆகவே மூன்றாவது எண் ஒன்று இருந்தாலே, அவர் அதற்கு முன்பிருந்து களத்தில் இருந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம். இந்த எண்ணை மட்டும் பார்த்து அவர் பெரிய ஆளா இல்லையா என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஒரு பயிற்சியாளரைப் பற்றி நம்பகமான குறிப்பு எழுத விரும்புபவர் அந்த எண்ணைக் கடைசியில்தான் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு வரி. அதில் பல்கலைக்கழகம், வகித்த பதவி, யாருக்குக் கீழ் பணியாற்றினார், அந்த ஆண்டின் மொத்த முடிவு, கான்ஃபரன்ஸ் எனப்படும், தங்களுக்குள் மோதும் பல்கலைக்கழகங்களின் குழுமத்துக்குள் மட்டும் கிடைத்த முடிவு, பருவ இறுதியில் பவுல் ஆட்டம் (நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் சிறப்பு ஆட்டம்) கிடைத்ததா என்பவை இடம்பெற வேண்டும். அவர் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஒவ்வோர் இடத்திலும், அவர் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் முடிவுகளையும் மேலே சேர்த்துவிடுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த வரிகளைத்தான், ஆனால் மதிப்பீட்டில் பாதி இவற்றிலேயே அடங்கியிருக்கிறது.

மேலே சொன்ன 215-117-1 கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பில் ஸ்னைடருடைய கணக்கு. அவர் 1989 பருவத்துக்குப் பொறுப்பேற்றபோது அந்த அணி முந்தைய இரண்டு பருவங்களில் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட வென்றிருக்கவில்லை. 1987-இல் 0-10-1, 1988-இல் 0-11. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலான அதன் வரலாற்றில் அதுவரை கிடைத்திருந்தது ஒரே ஒரு பவுல் ஆட்டம். முதல் ஆண்டில் ஸ்னைடரின் முடிவு 1-10. முந்தைய வரிகள் இல்லாமல் பார்த்தால் இது படுதோல்வி. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால், தொடர்ந்து 30 ஆட்டங்கள் வெற்றியே காணாத ஓர் அணி, வடக்கு டெக்சஸை 20-17 என்று வீழ்த்தி அந்தத் தொடரை முறித்த ஆண்டு அது. அடுத்த மூன்று ஆண்டுகளில் முறையே ஐந்து, ஏழு, ஐந்து வெற்றிகள். முதல் நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் 18-26 என்றுதான் வருகிறது. இன்றைய பொறுமையின்மைக்கு இது வேலையை விட்டு அனுப்பப் போதுமான கணக்கு. ஐந்தாவது ஆண்டான 1993-இல் 9-2-1. அந்த ஆண்டு தொடங்கி 2003 வரை பதினோரு ஆண்டுகள் இடைவிடாமல் பவுல் ஆட்டத்துக்குச் சென்றது கான்சஸ் ஸ்டேட்.

அடுத்து, தலைமைப் பொறுப்புக்கு வருமுன் அவர் எங்கே தொழில் கற்றார் என்பதைப் பாருங்கள். வழக்கமான பாதை, முதுநிலை படித்துக்கொண்டே குறைந்த ஊதியத்தில் உழைக்கும் மாணவ உதவியாளராகத் தொடங்கி, ஒரு பிரிவுக்கான உதவிப் பயிற்சியாளர், பின்னர் தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஒருங்கிணைப்பாளர் என்று படிப்படியாக ஏறுவதுதான். ஸ்னைடர் முதன்முதலாக ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானபோது அவருக்கு வயது 49. அதற்கு முன் ஹேடன் ஃப்ரை என்பவரிடம் வடக்கு டெக்சஸிலும், பிறகு ஐயோவாவிலும் பணியாற்றியிருந்தார். முதல் வெற்றியே பழைய பணியிடத்துக்கு எதிராக அமைந்தது ஒரு வேடிக்கை. ஐயோவாவில் ஃப்ரையிடம் இருந்தவர்களில் பாரி ஆல்வரெஸ் விஸ்கான்சினையும், கிர்க் ஃபெரன்ட்ஸ் ஐயோவாவையும், பாப் ஸ்டூப்ஸ் ஓக்லஹோமாவையும் பின்னாளில் நடத்தினார்கள். இப்படி ஒருவரிடமிருந்து கிளைத்த வாரிசு வரிசையைப் பயிற்சியாளர் மரம் என்பார்கள். அதை வரையும்போது ஓர் எச்சரிக்கை தேவை: ஒரே இடத்தில் ஓராண்டு இருந்தவரையும் பத்தாண்டு இருந்தவரையும் ஒரே கிளையில் வைத்துவிடக் கூடாது. எந்தப் பதவியில், எத்தனை ஆண்டுகள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

மொத்த முடிவுக்கும் குழும முடிவுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு பருவத்தின் 12 ஆட்டங்களில் குழும ஆட்டங்கள் எட்டோ ஒன்பதோ. மீதியைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்துகொள்ளும், அங்கே எளிய எதிரிகளை அழைக்கலாம். பவுல் ஆட்டத்துக்குப் பொதுவாக ஆறு வெற்றிகள் போதும் என்பதால், மூன்று எளிய வெற்றிகள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்னைடர் மீதும் இந்தக் குறை பலகாலம் சொல்லப்பட்டது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 2003-ஆம் ஆண்டின் பிக் 12 (கான்சஸ் ஸ்டேட் இருக்கும் குழுமம்) இறுதி ஆட்டத்தில், தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அவர் 35-7 என்று வென்றார். எதிர்ப்பக்கம் நின்றவர், கான்சஸ் ஸ்டேட்டில் அவரிடமே உதவியாளராக இருந்த பாப் ஸ்டூப்ஸ். குறையையும் விடையையும் ஒரே அட்டவணையில் பார்க்க முடிவதுதான் குழும முடிவைத் தனியாக எழுதுவதன் பயன்.

மோசமான ஆண்டுகளை மறைக்காமல், அவற்றுக்குப் பிறகு என்ன மாறியது என்று தேடுங்கள். வர்ஜீனியா டெக்கின் ஃபிராங்க் பீமர் தம் ஆறாவது ஆண்டான 1992-இல் 2-8-1 என்று முடித்தார். நிர்வாகம் அவரை அனுப்பாமல் வைத்துக்கொண்டது, உதவியாளர் குழு மாற்றியமைக்கப்பட்டது, 1993 முதல் 2015-இல் ஓய்வு பெறும்வரை 23 பருவங்களும் பவுல் ஆட்டம் கிடைத்தது. ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற நிக் சேபன்கூட மிச்சிகன் ஸ்டேட்டில் முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு முறையும் ஏழு வெற்றிகளைத் தாண்டவில்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான பதிவுத் தளம் 2018 அக்டோபரில் வந்தது. தம் பெயரையும் உருவத்தையும் வைத்து வீரர்கள் பணம் ஈட்டும் உரிமை 2021 ஜூலையில் வந்தது. அதே 2021-இல் ஒரு முறை ஓராண்டுக் காத்திருப்பின்றி மாறவும் வழி பிறந்தது. ஸ்னைடருக்கு ஐந்தாண்டு பிடித்த வேலையை இப்போது ஒரே ஆண்டில் செய்ய முடிகிறது. இண்டியானா பல்கலைக்கழகம் 2023-இல் 3-9. அடுத்து வந்த பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி தம் பழைய அணியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பல வீரர்களை உடன் அழைத்துவந்து 2024-இல் 11-2 என்று முடித்தார். இதனால் அவர் சாதனை சிறிதாகிவிடாது. 2018-க்கு முந்தையவரையும் பிந்தையவரையும் ஒரே வேகத்தை வைத்து ஒப்பிடுவதுதான் தவறு.

ரத்து செய்யப்பட்ட வெற்றிகள் தனிச் சிக்கல். விதிமீறல் நிரூபணமானால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வெற்றிகளைப் பதிவிலிருந்து நீக்கிவிடும், ஆனால் எதிரணியின் தோல்வி அப்படியே இருக்கும். சேபனின் முதல் அலபாமா பருவமான 2007 களத்தில் 7-6. பாடநூல் விநியோகம் தொடர்பான விதிமீறலால் ஐந்து வெற்றிகள் நீங்கியதால் ஏட்டில் 2-6. ஃபுளோரிடா ஸ்டேட்டின் பாபி பவுடன் 12 வெற்றிகளை இழந்து 377-இல் நின்றார். பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோவிடமிருந்து, முன்னாள் உதவியாளர் ஒருவர் சிறார்களுக்கு எதிராகச் செய்த பாலியல் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கையில், 2012-இல் 111 வெற்றிகள் நீக்கப்பட்டு, 2015-இல் திரும்ப அளிக்கப்பட்டதால் மொத்தம் மீண்டும் 409 ஆனது. எனவே எந்த மொத்தத்தை எழுதினாலும், அது களக் கணக்கா ஏட்டுக் கணக்கா என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். 2013-இல் அச்சான நூலிலும் இன்றைய பட்டியலிலும் ஒரே மனிதருக்கு இரண்டு எண்கள் இருப்பது இதனால்தான்.

விலகிய விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தக்க காரணம் காட்டாமல் நீக்கினால் மீதித் தொகையைப் பல்கலைக்கழகம் தர வேண்டியிருக்கும். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அது 75 மில்லியன் டாலரைத் தாண்டியது. ஆகவே ஒருவர் கூடுதலாக ஓராண்டு நீடித்தார் என்பதை நம்பிக்கையின் அடையாளமாக எழுதுமுன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பயிற்சியாளர் பருவ முடிவில் வேறிடம் சென்றால், பவுல் ஆட்டம் இடைக்காலப் பயிற்சியாளரின் கணக்கில் சேரும். 2017-இல் ஓய்வு பெற்ற பாப் ஸ்டூப்ஸின் 190 வெற்றிகள் 191 ஆனது, ஓக்லஹோமாவில் அவருக்கு அடுத்து வந்த லிங்கன் ரைலி விலகியபின் 2021 டிசம்பரில் அவர் அலமோ பவுலை நடத்திக் கொடுத்ததால்தான்.

இவ்வளவும் முடிந்தபின் வெற்றி விகிதத்தைக் கணக்கிடுங்கள்: சமநிலையை அரை வெற்றியாகச் சேர்த்து, மொத்த ஆட்டங்களால் வகுக்க வேண்டும். கல்லூரி ஃபுட்பால் புகழ் மண்டபம் பத்தாண்டு அனுபவம், நூறு ஆட்டங்கள் ஆகியவற்றோடு .600 (அதாவது 60 விழுக்காடு) விகிதத்தையும் நெடுங்காலம் நிபந்தனையாக வைத்திருந்தது. கல்லூரியில் ஃபுட்பால் ஆடாமல் சட்டம் படித்துவிட்டு வந்து, பந்தை எறிந்தே ஆடும் முறையை டெக்சஸ் டெக் முதல் மிசிசிப்பி ஸ்டேட் வரை கொண்டுசென்ற மைக் லீச்சின் கணக்கு 158-107, விகிதம் .596. அவர் 2022-இல் காலமானபின், 2025-இல் அந்த வரம்பு .595 ஆகத் தளர்த்தப்பட்டது.