பியூட்டர், ஈயம் வார்ப்பு: வீட்டில் உருக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, கண்ணாடி, மூடிய ஷூ, காற்றோட்டமான மாடி இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எந்த வீடியோவும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும். பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் மொட்டை மாடியில் சட்டி வைத்து உருக்க ஆரம்பித்திருக்கும் பையன்கள் சிலர் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் எங்கள் செட்டு செய்த அதே கோளாறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

சால்டர் பாரை வெள்ளீயம் என்று உருக்குவது

பியூட்டர் என்கிற கலப்பு உலோகத்தில் பெரும்பகுதி வெள்ளீயம், அதாவது டின். இன்றைய கலவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதுதான். மீதி ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். காரீயத்தைவிட, அதாவது லெட்டைவிட, வெள்ளீயம் பத்து மடங்குக்கும் மேல் விலை. புதிதாக ஆரம்பிக்கிறவர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், விலையைக் கேட்டு அரண்டு, கடைசியில் சால்டர் பாரை வாங்கிக்கொண்டு வருவார். 60/40 என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். "எல்லாம் ஈயம்தான் சார்" என்பார் கடைக்காரர். அவர் விற்பது ஒட்டவைக்கிற பொருள். அதில் நீங்கள் என்ன வார்க்கப் போகிறீர்கள் என்பது அவர் கவலை இல்லை.

வம்பு என்னவென்றால், சால்டர் அற்புதமாக வார்ப்பாகும். 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 வாக்கில் முழுக்கத் தண்ணீராகிவிடும். வெள்ளீயத்துக்கு 232 டிகிரி வேண்டும். பியூட்டருக்கு அதற்கும் மேலே. அதனால் பூ வேலை, எழுத்து, மெல்லிய விளிம்பு எதுவாக இருந்தாலும் சால்டர் ஓடி நிரம்பும். பளபளப்பும் குறையாது. வார்த்தவருக்குக் கை வந்துவிட்டது என்று ஒரு நினைப்பு வந்துவிடும்.

ஒரு பையன் அப்படித்தான் ஒரு பாலாடையை எடுத்துக்கொண்டு வந்தான். வீட்டிலிருந்த வெள்ளிப் பாலாடையைக் கணவாய் மீன் ஓட்டில் அழுத்தி அச்செடுத்திருக்கிறான். "அண்ணா, ஒரு பொத்தல்கூட இல்லை பாருங்க" என்றான். உண்மையிலேயே இல்லை. மூக்கு நுனிவரை கத்தரித்த மாதிரி வந்திருந்தது. விளிம்பை ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் கோடு போல மங்கலாகச் சாம்பல் நிறம் விழுந்தது.

"இது யாருக்குப்பா?"

"அக்கா குழந்தைக்கு அண்ணா. பேர் வைக்கிற அன்னைக்குக் கொடுக்கலாம்னு."

பாலும் மருந்தும் தினமும் ஊற்றிப் பச்சைக் குழந்தை வாயில் வைக்கிற பாத்திரம், நாற்பது பங்கு காரீயத்தில். குழந்தை ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரியாமலே மூளை வளர்ச்சியைத்தான் முதலில் கெடுக்கும். நம் ஊர் செயின்ட் ஜான்ஸ் வளாகத்திலேயே ஈய நச்சுக்கென்று ஒரு தேசிய மையம் இயங்கியது. அந்த அளவுக்குப் பெரிய விஷயம் இது. ரசக் கிண்ணம் செய்தாலும் இதே கதைதான். புளியும் தக்காளியும் காரீயத்தை இன்னும் சுலபமாகக் கரைக்கும். பாட்டி வீட்டு ஈயச்சொம்பில் ரசம் வைத்தார்களே என்று வாதம் செய்யாதீர்கள். நல்ல ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயம்.

எனக்கு இன்னும் ஆறாதது அதற்குப் பிறகு தெரிந்தது. அவன் அந்த வாரமே இரண்டு கிலோ அசல் வெள்ளீயமும் வாங்கியிருந்தான். பாலாடை வார்த்தபோது அச்சின் வாயில் உறைந்து மிஞ்சிய வாய்த்துண்டுகளை வீணாக்க மனமில்லாமல், அதே சட்டியில் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிவிட்டான். வெள்ளீயத்தில் கலந்த காரீயத்தை வீட்டில் பிரிக்க வழியே இல்லை. மெழுகு போட்டுக் கிளறினாலும் போகாது, கசடை வழித்தாலும் போகாது. கடைசியில் ரேடியேட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் பற்றவைக்க ஆகும் என்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். பாலாடையும் அதோடு போனது. சட்டியும் கரண்டியும் இனி காரீயத்துக்கு மட்டும்தான்.

ஆகவே இரண்டு செட். காரீயம் தொட்ட சட்டி, கரண்டி, அச்சு எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். மிச்சத்துண்டு டப்பாவும் தனித்தனி. வாய்த்துண்டு எங்கிருந்து வந்தது என்று நினைவில்லையா, அது சிவப்பு டப்பாவுக்குத்தான்.

கையில் இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள். தெர்மோகப்பிள் என்கிற சூடு அளக்கும் முனை உள்ள மல்டிமீட்டர் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும். கொஞ்சம் உருக்கி, முனையை உள்ளே விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு எண்ணைக் கவனியுங்கள். சுத்த வெள்ளீயம் என்றால் இறங்கிக்கொண்டே வரும் எண் 232-இல் சிறிது நேரம் நின்றுவிட்டு, கட்டியான பிறகுதான் மறுபடி இறங்கும். 200-க்குக் கீழே வந்தும் கூழாகவே இருந்து, 183-ஐ ஒட்டி நின்றால் உள்ளே காரீயம் இருக்கிறது. சில சதவீதக் கலப்பு இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு, தங்கம் சோதிக்கிற இடங்களில் இருக்கும், எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் உதவும், காரீயத்துக்கு அளவீடு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பாத்திரம்தான் செய்ய வேண்டும் என்றால் பழைய உலோகம் வேண்டவே வேண்டாம். சான்றிதழோடு வரும் வெள்ளீயக் கட்டிதான்.

ஈரம்

முதல் கட்டியை விட அடுத்து போடும் கட்டிதான் ஆபத்து. முதல் கட்டி சட்டியோடு சேர்ந்து மெதுவாகச் சூடாகும். அதில் ஈரம் இருந்தாலும் காய்ந்துவிடும். அடுத்த கட்டி உருகிய குளத்துக்குள் நேராக மூழ்கும். அதன் அடியில் ஒட்டிய ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கும் உலோகம் முழுவதும் முகத்துக்கு வரும். கட்டியைச் சட்டி விளிம்பில் வைத்துச் சூடாக்கி, பிறகு மெதுவாக உள்ளே தள்ளுங்கள். கரண்டிக்கும் அதே விதி.

பிளாஸ்டர் அச்சு தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். பெங்களூர் மழைக்காலத்தில் அதை நம்பவே கூடாது. ஓவனில் மிதமான சூட்டில் வைத்து, மணிக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று தரும் கணவாய் ஓட்டுக்கு இந்தத் தலைவலி குறைவு. வார்க்கும்போது முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், மாடி வீட்டு ஆன்ட்டி கேட்பார், அவ்வளவுதான்.

அலுமினியச் சட்டி

வேண்டாம். இரும்பு.

சமையலறைக் கரண்டி

இரும்புத் தாளிப்புக் கரண்டி வார்ப்புக்கு அருமையான சாமான். ஒருமுறை மாடிக்குப் போனால் திரும்பக் கீழே வரக்கூடாது.

அதிகச் சூடு

சரியாக நிரம்பவில்லை என்றால் உடனே அடுப்பைக் கூட்டுவார்கள். பாதி நேரம் கோளாறு அச்சில் இருக்கும்: காற்று வெளியேற வழி இருக்காது, இல்லை அச்சு சில்லென்று இருக்கும். பியூட்டரில் ஐஸ் குச்சியை முக்கினால் மெதுவாகப் பழுப்பாக வேண்டும். தொட்டதும் கருகிப் புகைந்தால் சூடு அதிகம். சூடு ஏறினால் கசடும் ஏறும், காசும் போகும்.

கசடைப் பெருக்குவது

400 டிகிரிக்குக் கீழே காரீயம் ஆவியாவது மிகவும் குறைவு. உடம்புக்குள் போவது பெரும்பாலும் மேலே படியும் சாம்பல் பொடி வழியாகத்தான். அதைத் துடைப்பத்தால் பெருக்கினால் மாடி முழுக்கப் பறக்கும், துணி காயப்போட்டிருந்தால் அதிலும் படியும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். சட்டி ஆறும்வரை ஈரத்துணியை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். வேலை செய்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

டயர் எடைத்துண்டுகள்

ஜே.சி. ரோடு பக்கம் வீல் பேலன்ஸ் செய்யும் இடங்களில் சல்லிசாகக் கிடைக்கும். அதில் துத்தநாகத் துண்டும் கலந்திருக்கும். காரீயம் 327-இல் உருகும், துத்தநாகம் 419-இல். சூட்டை 370-ஐத் தாண்டவிடாமல் வைத்தால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும், இடுக்கியால் எடுத்துவிடலாம். தாண்டவிட்டால் சட்டி முழுக்கக் கஞ்சி.

பேட்டரி ஈயம்

உடைக்காதீர்கள். ஆசிட் ஒரு பக்கம், அந்த ஈயத்தை உருக்கிய கசடில் ஈரம் பட்டால் கிளம்பும் விஷ வாயு இன்னொரு பக்கம். பழையதைக் கடையில் கொடுத்தால் புதியதில் விலை குறைத்துத் தருவார்கள்.