மூன்று மில்லிமீட்டர் கடல் நத்தை: படத்தைப் பார்த்து எதுவரை சொல்லலாம்?

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவருகே கலங்கல் தண்ணீரில் எடுத்த ஓடில்லாக் கடல் நத்தையின் படத்தைக் காட்டி ‘இது என்ன இனம்?’ என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும். மேலிருந்து எடுத்திருப்பார்கள், அழகாக இருக்கும், அடையாளம் காண உதவாது.

குறைந்தது ஐந்து படங்கள் வேண்டும்: மேலிருந்து முழு உடல், பக்கவாட்டுத் தோற்றம், நேர்முகமாகத் தலை, முதுகுச் செவுள், அது இருந்த இடம். செவுளை உள்ளே இழுத்துக்கொண்டால் ஓரிரு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். பிறகு அதே ஜூம், அதே தூரத்தில் ஓர் அளவுகோலைப் படமெடுங்கள். நத்தையைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்ட்ரோப் எனும் ஃபிளாஷ் விளக்கு லென்ஸை ஒட்டியிருந்தால் தூசியெல்லாம் வெண்புள்ளியாகி, தோலிலுள்ள புள்ளியோடு குழம்பும். ஸ்ட்ரோபைத் தாங்கும் கைகளை அகல விரித்துச் சற்று வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள்.

முதலில் அது நத்தைதானா என்று பாருங்கள். தாள்போல் மெலிந்து, முன்விளிம்பு மடிந்து கொம்புபோல் தெரிந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம். நத்தைக்குத் தலைமேல் ரைனோஃபோர் எனும் இரண்டு உணர்கொம்புகள் தனியாக எழும்பி நிற்கும். முதுகின் பின்புறம் செவுள் பூப்போல் விரிந்திருந்தால் டோரிட் வகை. ஃபில்லிடியெல்லா போன்றவற்றுக்குச் செவுள் மேலங்கி எனும் முதுகுத் தோல்விளிம்பின் அடியில் இருப்பதால் மேலே தேடிப் பயனில்லை.

முதுகெல்லாம் விரல்விரலாகச் செராட்டா எனும் நீட்சிகள் இருந்தால்தான் சிக்கல். வாயோரம் நீண்ட உணர்விரல் இரண்டு இருந்தால் பெரும்பாலும் ஏயோலிட் வகை. அவை இல்லாமல், கண் இரண்டும் நெருங்கி, பாசிமேல் இருந்தால் பாசி தின்னும் கோஸ்டாசியெல்லா பேரினமா என்று பாருங்கள். ரைனோஃபோர் ஒரு கிண்ணத்துக்குள்ளிருந்து முளைத்து, செராட்டாவில் உருண்டை முடிச்சுகள் அடுக்கடுக்காக இருந்தால் டோட்டோ. ஹைட்ராய்டு எனும் செடிபோன்ற சிறு கடல் உயிரியைத் தின்று அதிலேயே முட்டையும் இடும் இந்தப் பேரினத்தில் பெயரிடப்படாதவை நிறைய. முடிச்சின் நுனியில் கரும்புள்ளி உண்டா, ஒரு செராட்டாவில் எத்தனை முடிச்சு வளையம் என்பதைப் படத்தை 100 சதவீத அளவில் திறந்து எண்ணுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். செராட்டாவுக்குள் தெரியும் நிறம் பெரும்பாலும் செரிமானச் சுரப்பியுடையது. இரை மாறினால் அதுவும் மாறலாம். தோலின் மேல் படிந்த வெண்மைக்கும் கோடுகளுக்கும் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். அதற்கும் எல்லை உண்டு: ஹிப்செலோடோரிஸ் ஐபா என்ற ஒரே இனத்தில் ஊதா, வெளிர்மஞ்சள் என இரண்டு கோலங்கள் இருப்பதை டிஎன்ஏதான் காட்டியது. குஞ்சுகளில் செவுள், செராட்டா எண்ணிக்கையும் குறைவு.

எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லையா? ‘டோட்டோ எஸ்பி.’ (டோட்டோ பேரினம், இனம் தெரியவில்லை) என்று நிறுத்துங்கள். ஓர் இனத்தை நெருங்கியும் உறுதியில்லாவிட்டால் இனப்பெயருக்கு முன் ‘சிஎஃப்.’ (ஒப்பிட்டுப் பார்க்க) போடுங்கள். ‘புதிய இனம்’ என்று அறிவிக்கப் படம் போதாது. நாக்குப்பல் வரிசை, இனப்பெருக்க உறுப்பு, டிஎன்ஏ மூன்றையும் பார்க்க மாதிரி தேவை. சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் ஆய்வுக்காக எடுப்பதற்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே அசல் கோப்புகளை வெட்டாமல் தேதி, ஆழம், இடம், இரை ஆகிய விவரங்களோடு உயிரினப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் ஏற்றுங்கள். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கும் எழுதலாம். ஹைட்ராய்டின் படத்தைத் தனியாகச் சேர்க்க மறக்க வேண்டாம். பலர் விடுவது அதைத்தான்.